குளிப்பாட்டினவன் பங்கு

சுசுமான், மகதான் பக்கம்
14 ஏப்ரல் 1996

முகாஷ் மச்சானுக்கு எசென் சலாம்.

அப்பா செத்துப் பதினோரு நாள் கழிச்சுத்தான் தந்தி என் கைக்கு வந்துச்சு. இங்க பனிப்புயல், ரோடெல்லாம் அடைச்சிருச்சு. நீங்கல்லாம் மண்ணு போட்டு, ஏழாம் நாள் குரான் ஓதி, குதிரைக்கறி சாப்பிட்டுக் கை கழுவினப்போ நான் தங்கச் சுரங்கத்து லாரிக்கு அடியில படுத்து நட்டு முடுக்கிட்டிருந்தேன். அப்பா ஓமுர்ஸாக்குக்கு நான் ஒரே மகன். என் கொடுப்பினை அவ்வளவுதான்.

பொடி எழுத்து கண்ணுக்குத் தெரியாததால, அக்கா பக்கத்து வீட்டுப் பொண்ணைவிட்டு எல்லாத்தையும் விவரமா எழுதியிருந்தா. மேல குளிர்கால ஆட்டுக்கொட்டடிக்கு நீங்களும் அப்பாவும் போன இடத்துல மாரடைப்பு வந்து விழுந்துட்டாராம். நீங்கதான் குதிரையில வெச்சுக் கீழ கொண்டாந்தீங்களாம். சம்பந்தி பக்கத்து ஆளா நின்னு அப்பா உடம்பை, அந்த மையத்தைக் குளிப்பாட்டினதும் நீங்கதானாம். மகன் இல்லாத குறைய மருமகன் தீர்த்தீங்க. அல்லா உங்களுக்குக் கூலி கொடுக்கட்டும்.

இப்போ பங்கு விஷயத்துக்கு வரேன். குளிப்பாட்டின மூணு பேருக்கும் செத்தவர் துணிமணியப் பிரிச்சுக் கொடுக்கறது வழக்கம். ஒருத்தருக்குப் பூட்ஸ், ஒருத்தருக்குத் தொப்பி, ஒருத்தருக்குக் கோட்டு. நீங்க கோட்டையும் வாங்கிக்கிட்டு, கொட்டடிச் சுவத்துல மாட்டியிருந்த, திரி பத்த வெச்சுச் சுடற பழைய திரித்துப்பாக்கியும் என் பங்குதான்னு எடுத்துட்டுப் போயிட்டீங்களாமே? துப்பாக்கி என்ன துணியா மச்சான்? அதையா அவர் உடுத்திட்டிருந்தார்?

நம்ம ஊர் ஆட்பாஷியில உங்களப் பத்தி என்ன பேசிக்கறாங்கன்னு எனக்குத் தெரியாதா? சரித்திரம் நடத்தற முகாஷ் வாத்தியார், எங்க சாவு விழுந்தாலும் குதிரையத் தட்டிட்டு ஓடிருவார். நான் குளிப்பாட்டறேன்னு முன்னால நிப்பார். பங்கு பிரிக்கறப்போ வாள், போர்க்கோடாலி, பழைய துப்பாக்கின்னு கேப்பார். அவர் குதிரை வாசல்ல நின்னாலே வீட்டுக் கிழவருங்க இருமல அடக்கிக்குவாங்களாம். இதைச் சொல்லி நானும் வயிறு குலுங்கச் சிரிச்சவன்தான். இப்போ சிரிப்பு வரல.

அது தாத்தா 1916-ஆம் வருஷக் கலகத்துல ஜார் பட்டாளத்துக்கு எதிராத் தூக்கின துப்பாக்கி. கணவாய் தாண்டிச் சீனாவுக்கு ஓடினப்போ கூடாரத்தையே விட்டுட்டுப் போனாங்க, அதை விடல. எனக்கு ஆடு வேணாம், வீடு வேணாம். அப்பா முகத்தையும் பாக்கல, ஒரு பிடி மண்ணும் போடல. அவர் கை பட்ட சாமான் ஒண்ணு என்கிட்ட இருக்கணும். கொடுத்திடுங்க.

எசென்


ஆட்பாஷி
12 மே 1996

மாப்ளே எசெனுக்கு,

உன் கடிதத்தை அனார்குலுக்கு வாசிச்சுக் காட்டினேன். துப்பாக்கி வர்ற இடத்தை மட்டும் தாண்டிட்டேன். உன் அக்கா இப்பவே முட்டிவலியும் அழுகையுமாக் கிடக்கா, அவளை எதுக்கு இதுல இழுக்கணும்?

முதல்ல வழக்கத்தைப் பேசுவோம். பங்குன்னா துணி மட்டும்தான்னு எந்தக் கிதாபுல எழுதியிருக்கு? வீட்டுக்காரங்க மனசாரக் கொடுத்தா சேணமும் பங்குதான், கத்தியும் பங்குதான். உன் அக்கா தன் வாயாலதான் சரின்னா. நான் கேட்டு வாங்கலன்னா இந்தப் பக்கத்து ஆயுதமெல்லாம் என்ன கதியாயிருக்கும்? உன் சித்தப்பா வீட்டுல வாளால உருளைக்கிழங்கு தோண்டிட்டிருந்தாங்க. டோர்துகுல்ல ஒரு வீட்டுல சங்கிலிக் கவசத்தைக் கோழி மேல கவுத்து வெச்சிருந்தாங்க. இருபத்தாறு வருஷமா அதுங்களை ஒண்ணொண்ணாப் பொறுக்கியிருக்கேன். நாற்பத்தோரு உருப்படி. நாரின் அருங்காட்சியகத்துல ஒரு அறை ஒதுக்கறோம்னு வாய்வார்த்தையாச் சொல்லியிருக்காங்க.

ரெண்டாவது, மாமாவே என்கிட்டச் சொன்னது: "எனக்கப்புறம் நீயே எடுத்துக்கோ, எம் பையன் பனிக்காட்டுல போய்த் தொலைஞ்சான்." கோச்சுக்காதே, அவர் வார்த்தை அது.

மூணாவது, நீ அதை விமானத்துல எப்படிக் கொண்டு போவ? வழியிலேயே பிடுங்கிக்குவாங்க.

மாமா கஷ்டப்படல மாப்ளே. நொடியில போயிட்டார். நான் பக்கத்துலயே இருந்தேன். இதை மட்டும் நீ நம்பணும்.

முகாஷ்


சுசுமான்
9 ஜூன் 1996

மச்சான்,

ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு பாடம் நடத்தறீங்களே, நான் என்ன உங்க ஏழாம் வகுப்பு மாணவனா? கடைசியில வீட்டுப்பாடமும் கொடுத்திருக்கலாம்.

அப்பா உங்ககிட்ட அப்படிச் சொன்னார்னு சொல்றீங்க. பத்து வருஷமா நீங்க அவர் உயிரை எடுத்தீங்களே, அது எனக்கு மறந்துபோச்சுன்னு நினைச்சீங்களா? ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் கொட்டடிக்கே தேடி வருவீங்க. உப்புப்போட்ட டீயக் கையில வெச்சுக்கிட்டுக் கண்ணு மட்டும் சுவத்துலயே இருக்கும். குழலத் தடவுவீங்க, குழலத் தாங்கற, கொம்புல செஞ்ச கவைக்காலத் தடவுவீங்க. "மாமா, ஒரே ஒரு தடவ கையில வெச்சுப் பாக்கட்டுமா?" அப்பா என்னைப் பாத்துக் கண்ணடிப்பார். நீங்க போனதும், "இந்தாளு உன் அக்காவக் கட்டினானா, துப்பாக்கியக் கட்டினானா?"ன்னு கேப்பார்.

அப்படிப்பட்ட மனுஷர் அதை உங்களுக்குக் கொடுக்கச் சொன்னாராம். காதுல பூ சுத்தாதீங்க.

எப்படிக் கொண்டு போறதுங்கறது என் தலைவலி. கொடுக்கறதா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.

எசென்


ஆட்பாஷி
5 ஜூலை 1996

மாப்ளே,

உன் கோபம் நியாயம்தான். நான் மூணு நாள் யோசிச்சேன். உனக்கு ஒரு வாள் தரேன். கோகந்து கான் காலத்து வாள், உறையில வெள்ளிப் பூண் அப்படியே இருக்கு. போன வருஷம் அல்மாட்டியில இருந்து ஒருத்தர் வந்து கால்ல விழாத குறையாக் கேட்டார், தரல. அதை எடுத்துக்கோ. போதாதுன்னா ஜார் காலத்துப் பெர்டான் துப்பாக்கி ரெண்டு இருக்கு. நாற்பத்தோரு உருப்படியில நீ எதைக் கை காட்டினாலும் சரி. அந்தத் திரித்துப்பாக்கியை மட்டும் கேக்காதே.

அதை நல்லாக் கம்பளியில சுத்தி வெச்சிருக்கேன். துரு கட்டியிருக்கு, இப்போ பிரிச்சா காத்துப் பட்டுக் கெட்டுடும்.

நான் இந்த வேலையை விட்டுட்டேன் மாப்ளே. மாமா போன பிப்ரவரிக்கப்புறம் எந்த மையத்தையும் நான் குளிப்பாட்டல. சகின் கிழவர் போனப்போ ஆளனுப்பிக் கூப்பிட்டாங்க. அவர் வீட்டுல நல்ல போர்க்கோடாலி இருக்கு, உனக்கே தெரியும். காய்ச்சல்னு சொல்லிப் படுத்துக்கிட்டேன். அனார்குல் நெத்தியத் தொட்டுப் பாத்துட்டு, "சுடலையே"ன்னா.

வாளை எடுத்துக்கோ. கெஞ்சிக் கேக்கறேன்.

முகாஷ்


சுசுமான்
2 ஆகஸ்ட் 1996

மச்சான்,

வேட்டைக்காரன் மகன்கிட்டத் துரு, காத்துன்னு கதை விடறீங்க. கழுதை உதைச்சாலும் அந்தக் குழலுக்கு ஒண்ணும் ஆகாது. வீட்டுக்கு வர்றவன் போறவன் காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் இது அந்தச் சண்டையில வந்தது, இது இந்தச் சண்டையில வந்ததுன்னு காட்டற ஆளு நீங்க. பத்து வருஷம் நாக்கத் தொங்கப்போட்டு அலைஞ்ச சாமானை எதுக்கு மூட்டை கட்டி ஒளிச்சு வெச்சிருக்கீங்க? நான் கேக்காமலே அக்காவும் அதைத்தான் எழுதியிருக்கா: "அதை அவர் எனக்கே காட்டலடா. அப்பா கோட்டையும் ஒரு நாளும் போட்டுக்கல. எங்க வெச்சார்னே தெரியல."

வித்துட்டீங்களா? அந்த அல்மாட்டிக்காரனுக்கா? வித்திருந்தா சொல்லிடுங்க, நான் போய் அவன்கிட்ட வாங்கிக்கறேன்.

எதுவா இருந்தாலும் நேர்ல பேசிக்கலாம். ரெண்டு மாசம் லீவு கிடைச்சிருக்கு. அக்டோபர் பத்தாம் தேதி கிளம்பறேன், டிக்கெட்டு எடுத்தாச்சு. அக்காவுக்கும் எழுதிட்டேன். வந்ததும் முதல்ல அப்பாவப் புதைச்ச கபருக்குப் போவேன், அடுத்தது உங்க வீடு. துப்பாக்கியை எடுத்து வெளியில வைங்க. உங்களை அடிக்கறதுக்கு வரல. ஆனா அது இல்லாமத் திரும்ப மாட்டேன்.

எசென்


ஆட்பாஷி
28 ஆகஸ்ட் 1996

எசென்,

நீ வரேன்னு தெரிஞ்சதுல இருந்து உன் அக்கா சின்னப் பொண்ணு மாதிரி ஓடியாடிட்டிருக்கா. முட்டிவலியைக் காணோம். உனக்குன்னு புது மெத்தை தைக்கறா. நீ வந்து அவ முன்னால கம்பளியப் பிரிக்கறதுக்கு முன்னாடி, நானே சொல்லிடணும்.

உன் அப்பாவுக்கு மாரடைப்பு வரல.

அந்தத் துப்பாக்கி வெடிச்சுது. குண்டு போகல, குழலே வெடிச்சுது. அடிப்பக்கம் பிளந்துபோய்த் துண்டு ஒண்ணு தெறிச்சு அவர் காறை எலும்புக்குக் கீழ இறங்கிடுச்சு. நொடியில போயிட்டார்னு எழுதினேனே, அது ஒண்ணுதான் நான் உனக்கு எழுதினதுல உண்மை.

அவர்தான் சுட்டுப் பாக்கணும்னு ஆசைப்பட்டார்...

இல்ல. அந்த வரிய அடிக்கப் போனேன், அப்படியே விடறேன். நான் எப்படிப்பட்டவன்னு நீ பாரு. ஆசைப்பட்டது நான். பழைய ஆயுதம் சேக்கற எங்க ஆளுங்க மத்தியில ஒரு கிறுக்கு உண்டு. சுடாத துப்பாக்கியச் செத்த துப்பாக்கின்னு சொல்வோம். நம்ம காதால ஒரு தடவ அது பேசறதைக் கேட்டாத்தான் அதுக்கு உயிர் இருக்கறதாக் கணக்கு. பத்து வருஷம் கேட்டுக் கேட்டு, அன்னைக்குத்தான் மாமா மசிஞ்சார். "சரி, எடுத்துட்டு வா வெடிமருந்தை, உன் வாயடைக்கட்டும்"னார்.

கறுப்பு மருந்து கிடைக்கல எசென். யூனியன் போனதுல இருந்து கடையில எதுவும் வர்றதில்லயே. லாரிக்காரர் ஒருத்தர்கிட்ட வாங்கின நாலு வேட்டைத் தோட்டாவப் பிரிச்சு, அதுல இருந்த புகையில்லா மருந்தை எடுத்துட்டுப் போனேன். மாமா மருந்து அளக்கற ஆட்டுக்கொம்புலயே ஒரு அளவு போட்டேன். கறுப்பு மருந்துக்கு உண்டான அளவு அது. புதுசுல அதுல கால்வாசி போட்டாலே அந்தக் குழல் தாங்காது. இதை நான் புத்தகத்துல படிச்சிருக்கேன். பசங்களுக்கே சொல்லியிருக்கேன். அந்த நேரத்துல எனக்கு அது ஞாபகமே வரல. அது பேசப் போகுதுங்கறதைத் தவிர வேற எதுவும் என் தலையில இல்ல.

உன் அப்பா மண்டி போட்டு உக்காந்து, கவைக்காலை ஊனி, திரியப் பத்த வெச்சார். அப்புறம் மருந்தை மோந்து பாத்தார். "வாசனை வேற மாதிரி இருக்கேடா, சரியான மருந்துதானா?"ன்னு கேட்டார். நான், "வாத்தியார் சொல்றேன், நம்புங்க மாமா"ன்னேன். அவர் நம்பினார்.

கோட்டுல ஓட்டை, ரத்தம். அதான் கோட்டை வாங்கினேன். துப்பாக்கியப் பாத்தா எவனும் கண்டுபிடிச்சிருவான், அதான் துப்பாக்கிய வாங்கினேன். குளிப்பாட்டின மத்த ரெண்டு பேரும் காயத்தைப் பாத்தாங்க. வேலிக்கம்பு மேல விழுந்தார்னேன். மையத்துல பாத்ததை வெளியில சொல்லக் கூடாதில்லயா, ரெண்டு பேரும் வாயத் திறக்கல. ஊருக்கு நான் பேராசைக்காரன். முகாஷ் துப்பாக்கி கேக்கறதுல யாருக்கு என்ன ஆச்சரியம்? ஒருத்தருக்கும் சந்தேகம் வரல.

உன் அக்காகிட்டச் சொல்ல ஆறு மாசமா வாயத் திறந்து திறந்து மூடறேன். நீ வந்ததும் ரெண்டு பேர் முன்னாலயும் சொல்லட்டுமா? இல்ல, இப்பவே அவகிட்டச் சொல்லிடட்டுமா? நீ என்ன சொல்றியோ அதைச் செய்யறேன். போலீஸுக்குப் போன்னாலும் போறேன்.

முகாஷ்


சுசுமான்
3 அக்டோபர் 1996

உங்க கடிதம் வந்து ஒன்பது நாளாச்சு. சாப்பாட்டுக் கூடத்துல உக்காந்து பிரிச்சேன். பக்கத்துல இருந்தவன் "ஊர்ல இருந்து நல்ல சேதியா?"ன்னு கேட்டான். ஆமான்னு சொல்லிட்டுத் தட்டை எடுத்துட்டுப் போய்க் கழுவினேன்.

"வாத்தியார் சொல்றேன், நம்புங்க மாமா." இதை எதுக்கு எனக்கு எழுதினீங்க? நீங்க மனசு பாரம் தாங்காம எழுதினீங்க. இப்போ ராத்திரி பகல் எந்நேரமும் அவர் மருந்தை மோந்து பாக்கறது என் கண்ணுக்குள்ளயே நிக்குது. நீங்க நாசமாப் போங்க.

கேட்டீங்கல்ல, இப்போ சொல்றேன். அக்காகிட்டச் சொல்லக் கூடாது. இன்னைக்கும் கூடாது, நீங்க சாகக் கிடக்கறப்பவும் கூடாது. சொன்னா உங்க பாரம் இறங்கிடும், அதை அவ தூக்கணும். அப்பனைக் கொன்னவனுக்கு அவ ரொட்டி சுடணுமா? சுட மாட்டேன்னு எந்திரிச்சா எங்க போவா? அப்பா வீடு கூரை விழுந்து கிடக்கு. எனக்கு இருக்கறது பொது அறையில ஒரு கட்டில். நாற்பத்தெட்டு வயசுல, பிள்ளைக்குட்டி இல்லாதவ, அந்த முட்டியோட யார் வாசல்ல போய் நிப்பா? அவளுக்குன்னு உலகத்துல மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர். அந்த லட்சணத்துல இருக்கு அவ விதி. அதையும் பிடுங்காதீங்க.

போலீஸுக்கும் போகக் கூடாது. போனா அவளுக்குத் தெரிஞ்சிரும்.

துப்பாக்கியையும் கோட்டையும் மனுஷக் கண்ணு படாத இடத்துல போட்டுடுங்க. எனக்கு வேணாம்.

நான் வரல. டிக்கெட்டைத் திருப்பிட்டேன். எனக்கு என் வாயத் தெரியும். அக்கா முகத்தைப் பாத்து, அவ கையால ஒரு கிண்ணம் டீ வாங்கினா, அந்த நொடியே கொட்டிடுவேன். அதனால இனிமே எப்பவும் வரல. லீவு ரத்தாயிடுச்சுன்னு அவளுக்குத் தனியா எழுதிட்டேன். அப்பா கபரை நான் பாக்கப் போறதில்ல. இதையும் நீங்கதான் செஞ்சீங்க.

அக்காவ நல்லா வெச்சுக்கங்க. எனக்கு இனிமே எழுதாதீங்க.

எசென்


ஆட்பாஷி
24 நவம்பர் 1996

எசென்,

எழுதக் கூடாதுன்னு சொன்ன. இது ஒண்ணு மட்டும் எழுதிடறேன், அப்புறம் தொந்தரவு பண்ண மாட்டேன். உன் அக்கா உனக்கு எழுதப் போறா. அவ எழுதறது உனக்குப் புரியணும்னா நடந்தது தெரியணும்.

நீ சொன்னபடி செஞ்சுட்டேன். ஆறு உறையறதுக்கு முன்னாடி பாலத்துக்குக் கீழ மடுவுல ரெண்டையும் கல்லு கட்டிப் போட்டுட்டேன்.

லீவு ரத்துன்னு நீ எழுதினதை அவ நம்பல. கடிதத்தை நாலு தடவ வாசிக்கச் சொன்னா. "டிக்கெட்டு எடுத்தாச்சுன்னானே, எப்படி ரத்தாகும்?"ன்னா. அப்புறம் ஒரு வாரம் வீட்டையே கிளறினா. எங்கியோ துழாவி, உன் பழைய கடிதங்களை எடுத்து, நான் தாண்டி வாசிச்ச இடத்தையெல்லாம் பக்கத்து வீட்டுப் பொண்ணை வெச்சு வாசிச்சுட்டா. பயப்படாதே, கடைசிக் கடிதத்தை நான் அன்னைக்கே எரிச்சுட்டேன். அவ பாத்தது நீ துப்பாக்கி கேட்டு எழுதினது மட்டும்தான்.

நேத்து சாயங்காலம் என் முன்னால வந்து உக்காந்தா. "என் தம்பி வராததுக்குக் காரணம் இப்போ தெரிஞ்சுபோச்சு. அந்தத் துப்பாக்கிய எடுங்க. அல்மாட்டிக்குப் போற லாரி இருக்கு, அங்கிருந்து அவனுக்கு அனுப்ப ஆள் பாத்துட்டேன். அது போய்ச் சேந்தா அவன் வருவான்"னா. பாவம், அதைச் சுத்தறதுக்குப் புதுத் துணிகூடக் கிழிச்சு வெச்சிருந்தா.

அது இல்ல, ஒரு வாளுக்கு மாத்திட்டேன்னு சொன்னேன்.

"எங்கப்பா துப்பாக்கியையா?"ன்னா.

"ஆமா"ன்னேன்.

சுவத்துல மாட்டியிருக்கற வாளெல்லாத்தையும் ஒரு சுத்து பாத்தா. எந்த வாளுக்கு மாத்தினேன்னு தேடினா போல. அப்புறம் என்னைப் பாத்தா. கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்துல அவ அப்படி என்னைப் பாத்ததில்ல. நீயும் நானும் மறைக்கற உண்மையை அவ முகத்துக்கு நேரா சொல்லிடலாமான்னு ஒரு நிமிஷம் தோணிச்சு. உன் வார்த்தைய நினைச்சுப் பல்லக் கடிச்சுக்கிட்டேன்.

"இந்த இரும்பு, எங்கப்பனையும் தம்பியையும் விட உங்களுக்குப் பெருசாப் போச்சா?"ன்னு கேட்டா.

ஆமான்னு சொன்னேன்.

முகாஷ்